வழக்கை வென்ற வழக்கம்

இராமநாதபுரத்திற்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்த பழம்பெரும் பட்டினம் கீழக்கரை. வள்ளல் சீதக்காதி வாழ்ந்த ஊர் அது. முத்தும் சங்கும் நெடுங்காலம் அவ்வூர் மக்களுக்கு வாழ்வளித்த கடற்செல்வங்கள். சங்கு குளிப்போர் தோணியேறிக் கடலுட் செல்வர். மூச்சை அடக்கி நீரில் மூழ்குவர். அடிமணலைத் துழாவிச் சங்கினைக் கண்டெடுத்து மேலே வருவர். மேற்பரப்பில் அலை எழுந்து ஆரவாரம் செய்யும். ஆயினும் அங்கே கிடைப்பது நுரை ஒன்றே. அடிமணலைத் தொட்டவருக்கே சங்கு கிட்டும்.

நீதிமன்றத்தில் வாதாடும் வழக்குரைஞரின் தொழிலும் இதனை ஒருபுடை ஒப்பதேயாகும். குரலை உயர்த்திப் பேசுவோரும், கேட்டோர் வியக்கச் சொல் அடுக்குவோருமே வழக்கில் வெல்வர் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் முற்றும் பொருந்தாது. சொல்வன்மை வழக்குரைஞருக்கு வேண்டுவதே. ஆயினும் சான்று இல்லாத சொல்வன்மை, நெல் இல்லாத பதரை ஒக்கும். எந்த வினாவில் வழக்கு நிற்கின்றது என்று காண்பதும், அவ்வினாவிற்கு உரிய சான்றைத் தேடி எடுப்பதும், எடுத்ததை முறைப்பட மன்றத்தின்முன் வைப்பதுமே வெற்றிக்கு வழியாகும்.

இவ்வுண்மையைத் தமிழ்மக்கள் நெடுங்காலமாக அறிவர். பாண்டியன் அவையில் தன் கணவனுக்காக வழக்குரைத்த கண்ணகி நீண்ட சொற்பொழிவு எதனையும் நிகழ்த்தினாள் அல்லள். தன் சிலம்பின் பரல் யாது, அரசியின் சிலம்பின் பரல் யாது என்னும் ஒரே வினாவில் அவள் தன் வழக்கு முழுவதையும் நிறுத்தினாள். அரசியின் சிலம்பிற் பரல் முத்து என்று மன்னனே கூறினான். கண்ணகி தன் சிலம்பை உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. வழக்கு அக்கணமே முடிந்தது. எதிரியின் வாய்மொழியைக் கொண்டே உண்மையை நிலைநாட்டிய அத்திறத்தைச் சிறந்த வழக்குரைஞர் எவரும் போற்றுவர்.

வழக்குரைஞரின் பணி

ஒருவர் தம் குறையைச் சொல்லிக்கொண்டு வழக்குரைஞரை நாடி வருகின்றார். அவர் கூறுவன அனைத்தையும் வழக்குரைஞர் பொறுமையுடன் கேட்கின்றார். கேட்டவற்றுள் எது வழக்கிற்கு வேண்டுவது, எது வேண்டாதது என்று பிரித்தறிகின்றார். பத்திரங்களையும் கணக்குகளையும் கடிதங்களையும் வாங்கி, வரி விடாது படிக்கின்றார். தம் கட்சிக்காரருக்கு நன்மை பயக்கும் தாளை மட்டுமன்றித் தீமை பயக்கும் தாளையும் அவர் முன்னதாகவே அறிந்திருத்தல் வேண்டும். எதிர்க்கட்சியின் வழக்குரைஞர் எதைக் கூறுவார் என்பதை அவர் கூறுமுன்னரே தமக்குள் கூறிப் பார்த்துக்கொள்ளாதவர், மன்றத்தில் திகைத்து நிற்க நேரிடும்.

விசாரணை தொடங்கியபின் சாட்சிகள் கூண்டில் ஏறுவர். ஒரு சாட்சியை அழைத்தவரே முதலில் வினவுவது முதல் விசாரணை. எதிர்க்கட்சியினர் வினவுவது குறுக்கு விசாரணை. அதனால் எழுந்த ஐயங்களை நீக்க, அழைத்தவர் மீண்டும் வினவுவது மறு விசாரணை. 1872 ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் வகுத்த இம்மூன்று படிகளும், அதன் இடத்தில் 2024 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டத்திலும் நிலைபெற்றுள்ளன. இவற்றுள் குறுக்கு விசாரணையே பெருந்திறன் வேண்டுவது. சாட்சியை அச்சுறுத்துவது திறன் அன்று. சிறு சிறு வினாக்களால் வழி வளைத்து, உண்மை ஒன்றைத் தவிர வேறு விடை கூற இயலாத இடத்தில் அவரை நிறுத்துவதே திறன். எப்போது வினவுதலை நிறுத்துவது என்று அறிதலும் அத்திறனுள் அடங்கும். வேண்டாத ஒரு வினா, வென்ற வழக்கையும் தோற்கச் செய்துவிடக்கூடும்.

முதல் நீதிமன்றத்தில் இடப்படும் இச்சான்றுகளே வழக்கின் அடித்தளம். மேல்முறையீடுகள் எத்துணை உயர்ந்த மன்றத்திற்குச் சென்றாலும், பெரும்பாலும் இவ்வடித்தளத்தின்மீதே எழுப்பப்படும். இதனை விளக்குதற்குச் சேதுக் கடற்கரையில் எழுந்த இரண்டு வழக்குகள் தக்க சான்றாகும். ஒன்று ஒரு நாட்டின் உரிமை பற்றியது. மற்றொன்று ஒரு சங்கின் உரிமை பற்றியது.

இராமநாதபுரம் வழக்கு

கீழக்கரை உள்ளிட்ட கடற்கரை நாட்டைப் பல தலைமுறைகள் ஆண்டவர் சேதுபதி மன்னர். இராமேசுவரம் செல்லும் யாத்திரிகரின் வழியைக் காப்பது அவர்தம் தலையாய கடமை. ஆங்கிலேயர் ஆட்சி பரவியபின், 1803 இல் அந்நாடு ஜமீன் ஆயிற்று. 1830 இல் இராமசாமி சேதுபதி ஆண்மகவு இன்றி மறைந்தார். அவருடைய பெண்மக்கள் இருவரும் பின்னர் மறைந்தனர். அரசி பர்வதவர்த்தனி நாச்சியார் குடி அற்றுப்போகாது காக்கும் பொருட்டு, 1847 இல் முத்துராமலிங்கம் என்னும் சிறுவரை மகவாக ஏற்றார். கணவரின் உறவினர் பலர் அதற்கு இசைவு அளித்தனர்.

ஆனால் அரசாங்கம் இசையவில்லை. கைம்பெண் ஒருத்தி கணவனின் அனுமதி இன்றி மகவேற்க இயலாது. ஆதலின் அம்மகவேற்பு செல்லாது. வாரிசு இல்லாத ஜமீன் அரசாங்கத்தையே சேரும் என்பது மதுரைக் கலெக்டரின் வாதம். இவ்வாதம் வென்றிருப்பின், சேதுபதியின் பரம்பரை உரிமை அரசியோடு முடிந்திருக்கும்.

அக்காலத்தின் போக்கை நோக்கினால் இவ்வழக்கின் அருமை நன்கு விளங்கும். வாரிசு இல்லை என்று கூறி ஆங்கிலேயர் 1848 இல் சதாராவையும், 1854 இல் ஜான்சியையும் தம் ஆட்சியுடன் சேர்த்துக்கொண்டனர். 1855 இல் தஞ்சை மன்னர் மறைந்ததும் தஞ்சையும் அவர்கள் கைப்பட்டது. தஞ்சை அரசி காமாட்சி பாயி வழக்குத் தொடுத்தார். சென்னை மன்றத்தில் அவருக்கு வெற்றி கிட்டியது. ஆனால் இலண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சில், 1859 இல் அவ்வெற்றியை நீக்கிவிட்டது. ஓர் அரசு மற்றோர் அரசின்மீது தன் வன்மையால் செய்த செயலை நீதிமன்றம் ஆராய இயலாது என்பது அதன் முடிபு. நெறியா, நெறி அன்றா என்று கேட்கவே மன்றத்திற்கு உரிமை இல்லாது போயிற்று.

இராமநாதபுரத்தின் நிலை வேறு. ஜமீன் என்பது சட்டத்தின் காப்பிற்கு உட்பட்ட சொத்து. அதனைக் கொள்ள விரும்பிய அரசாங்கம், ஏனைய வழக்காளரைப் போலவே மன்றத்தின்முன் நின்று தன் உரிமையை மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. ஆட்சியாளரும் ஒரு கட்சியாக நின்று விடை கூறவேண்டிய இடமே நீதிமன்றம்.

கணவரின் அனுமதி ஐயமற மெய்ப்பிக்கப்படாத நிலையில், உறவினரின் இசைவு போதுமா என்பதே வழக்கின் உயிரான வினாவாயிற்று. கலெக்டரின் பக்கம் வலிய சான்று ஒன்று இருந்தது. கணவனின் இசைவு இன்றிப் பெண் ஒருத்தி மகவைக் கொடுத்தலும் ஏற்றலும் கூடாது என்பது வசிட்டர் பெயரால் வழங்கும் விதி. எழுத்தில் உள்ள இவ்விதியை மறுப்பது எளிதன்று. அதனை மறைப்பதும் தகாது. அவ்விதி இந்நாட்டில் எவ்வாறு பொருள் கொள்ளப்பட்டு வந்துள்ளது என்று காட்டுவதே செல்லக்கூடிய வழி.

ஒரே விதிக்கு இந்தியாவின் நான்கு பகுதிகளில் நான்கு வகையாகப் பொருள் கொண்டனர். மிதிலை நாட்டார், மகவேற்கும்போதே கணவன் இசைவு தரவேண்டும் என்றனர். ஆதலின் அங்கே கைம்பெண் மகவேற்றல் இயலாது. வங்காளத்தார், கணவன் உயிரோடு இருக்கையில் தந்த இசைவு அவன் இறந்தபின்னும் செல்லும் என்றனர். மராட்டிய நாட்டார், அவ்விதி கணவன் உயிரோடு உள்ள மனைவிக்கே உரியது, கைம்பெண்ணைக் கட்டாது என்றனர். திராவிட நாட்டாரோ, கணவன் இல்லாதபோது அவனுடைய உறவினரின் இசைவு அவன் இசைவின் இடத்தில் நிற்கும் என்று கொண்டனர்.

திராவிட நாட்டில் இவ்வழக்கம் உண்மையில் நிலவியதா? அதனை மெய்ப்பிக்க உரைநூல்கள் ஆராயப்பட்டன. பண்டிதர்கள் அளித்த கருத்துகள் எடுத்துக்காட்டப்பட்டன. முன்னைய தீர்ப்புகள் ஒப்பிடப்பட்டன. சென்னையில் தலைமை நீதிபதியாக விளங்கிய தாமஸ் ஸ்டிரேஞ்சு இந்து சட்டம் பற்றி எழுதிய நூலும் எடுத்தாளப்பட்டது. 1864 இல் சென்னை உயர் நீதிமன்றம் மகவேற்பு செல்லும் என்று தீர்ப்பளித்தது. கலெக்டர் பிரிவிக் கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்தார்.

பிரிவிக் கவுன்சிலின் முன்னர்ச் சாட்சிகள் எவரும் நிற்பதில்லை. கீழ்மன்றங்களில் பதிவான சான்றுகள் அச்சேறிக் கப்பல்வழியே இலண்டன் சென்று சேரும். நீதிபதிகள் அவற்றைப் படித்து, இரு கட்சி வழக்குரைஞரின் வாதங்களையும் கேட்பர். மதுரைச் சீமையில் பதிவாகாத ஒரு செய்தியை அங்கே புதிதாகப் படைத்துக்கொள்ள இயலாது. சேதுநாட்டையே கண்டிராத நீதிபதிகளுக்குச் சேதுநாட்டின் வழக்கத்தை அத்தாள்களே எடுத்துரைக்க வேண்டும்.

1868 இல் தீர்ப்பு வந்தது. நீதிபதிகளின் சார்பில் சர் ஜேம்ஸ் கால்வில் அதனை வழங்கினார். பழைய நூலிலிருந்து ஒரு கொள்கையை நாமே வருவித்துக்கொள்வது நீதிபதியின் கடமை அன்று. அவ்வட்டாரத்தை ஆளும் மரபினர் அதனை ஏற்றுக்கொண்டுள்ளனரா, பழக்கத்தால் அது நிலைபெற்றுள்ளதா என்று காண்பதே கடமை என்பது அத்தீர்ப்பின் கருத்து. இந்து சட்டத்தில், தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்கம் எழுத்தில் உள்ள விதியினும் வலியது என்று அம்மன்றம் அறுதியிட்டது. எத்தனை உறவினர் இசையவேண்டும் என்பதற்குக் கணக்கு வகுக்க இயலாது. அரசி மனம்போன போக்கிலோ தீய நோக்கத்தாலோ அன்றி, கடமையுணர்வோடு இச்செயலைச் செய்தார் என்று காட்டும் அளவிற்கு இசைவு இருந்தால் போதும் என்றும் விளக்கிற்று. மகவேற்பு நிலைபெற்றது. அரசாங்கம் தோற்றது.

தீர்ப்பு வந்த அதே 1868 ஆம் ஆண்டிலேயே முத்துராமலிங்க சேதுபதியின் மைந்தர் பாஸ்கர சேதுபதி பிறந்தார். பின்னாளில் சுவாமி விவேகானந்தரின் அமெரிக்கப் பயணத்திற்குத் துணைநின்றவரும், 1897 இல் பாம்பனில் அவரை எதிர்கொண்டு வரவேற்றவரும் அவரே. முத்துராமலிங்க சேதுபதியின் தமையனார் பொன்னுசாமித் தேவர் ஜமீனின் ஆட்சிப் பொறுப்பை ஏற்று நடத்தியவர், தமிழ்ப்புலவரைப் போற்றியவர். அவர் மைந்தர் பாண்டித்துரைத் தேவர் 1901 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். வழக்கு வேறாக முடிந்திருப்பின் இவையெல்லாம் எவ்வாறு ஆகியிருக்கும் என்று யாரும் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆயினும் ஒரு குடும்பத்தின் பழம்பத்திரங்களும் உறவினரின் இசைவும் எத்துணைப் பெரிய நற்செயல்களுக்கு இடம் வைத்தன என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

சங்கு வழக்கு

இரண்டாம் வழக்கு கடலில் எழுந்தது. அன்னகுமாரு பிள்ளை வழக்கு என்னும் பெயரால் அது 1904 ஆம் ஆண்டுச் சென்னைத் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. இராமநாதபுரம் ஜமீனைச் சார்ந்த பாக்கு விரிகுடாவின் சங்குப் படுகைகளில், குத்தகை பெறாதவர் சங்கு எடுத்தனர் என்பது குற்றச்சாட்டு. சங்குக்கு வங்காளத்தில் வளையல் அறுப்போரிடம் பெருவிலை உண்டு. ஆதலின் வழக்கு சிறிதாகத் தோன்றினும், ஒரு கடற்கரையின் வருவாயும் பலருடைய பிழைப்பும் அதனுள் அடங்கியிருந்தன.

இங்கே இரண்டு வினாக்கள் எழுந்தன. கடலில் நீந்தும் மீன் எவர்க்கும் உரியதன்று; பிடித்தவர்க்கே உரியது. சங்கும் அவ்வாறே எனின், அதை எடுத்தல் திருட்டு ஆகுமா? இது முதல் வினா. அக்காலத்தில் கரையிலிருந்து மூன்று மைல் தொலைவே நாட்டின் கடலெல்லை எனக் கொள்ளப்பட்டது. அதற்கு அப்பால் நிகழ்ந்ததை இந்நாட்டு மன்றம் விசாரிக்க முடியுமா? இது இரண்டாம் வினா. இவ்விரண்டனுள் ஒன்றில் வென்றாலும் எதிரிகளுக்கு விடுதலை கிட்டும்.

சங்கின் இயல்பே முதல் வினாவிற்கு விடை தந்தது. மீன் இன்று ஓரிடம், நாளை வேறிடம் திரியும். சங்கோ மணற்படுகையைத் தன் உறைவிடமாகக் கொண்டு, மெல்ல ஊர்ந்து அங்கேயே தங்கும். ஆதலின் அது மீனினும் சிப்பியையே ஒக்கும். படுகையைத் தன் ஆட்சியில் வைத்திருப்பவர் சங்கையும் தம் ஆட்சியில் வைத்திருப்பவரே என்று கொள்ளப்பட்டது. உயிரியல் அறிவும் சட்டத்திற்குத் துணையாக வருதல் இங்கே காணத்தக்கது.

இரண்டாம் வினாவிற்கு நிலப்படமும் வரலாறும் விடை தந்தன. பாக்கு விரிகுடா திறந்த பெருங்கடல் அன்று; அதன் சுற்றெல்லையில் ஒன்பதில் எட்டுப் பங்கு நிலத்தால் சூழப்பட்டுள்ளது; இந்தியாவிலும் இலங்கையிலும் அதன் கரைகளில் வாழ்ந்தோர் பல நூற்றாண்டுகளாக அதனைத் தம் ஆட்சியில் வைத்து வந்துள்ளனர். ஆகவே அது நாட்டின் ஒரு பகுதியே; மூன்று மைல் கணக்கு அங்கே செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. பிற்காலத்தில் கடலெல்லை பற்றி நூல் எழுதிய உலக அறிஞர்கள் இத்தீர்ப்பை எடுத்துக்காட்டினர். 1974 இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கையும் அக்கடற்பகுதியை வரலாற்று உரிமையுள்ள நீர்ப்பரப்பு என்றே குறித்தது.

இரு வழக்கும் ஒரு பாடமும்

தமிழில் வழக்கு என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. மன்றத்தில் தொடுக்கும் முறையீடும் வழக்கு; மக்களிடையே நெடுங்காலம் வழங்கிவரும் நெறியும் வழக்கு. சேதுக் கடற்கரையின் இவ்விரு முறையீடுகளிலும் வெற்றியைத் தந்தது மக்களின் நெடுநாள் வழக்கமே. ஆனால் வழக்கம் தானாகவே மன்றத்தில் வந்து நின்று பேசாது. நூல், பத்திரம், சாட்சி, முன்னைத் தீர்ப்பு ஆகியவற்றின் வாயிலாக அதனைப் பேசச் செய்பவரே வழக்குரைஞர்.

இவ்விடத்து ஓர் உண்மையையும் மறத்தலாகாது. அரசரிடமும் குத்தகைதாரரிடமும் எழுதப்பட்ட ஏடுகள் இருக்கும். தந்தையும் பாட்டனும் குளித்த கடலில் தானும் குளிக்கும் ஏழைக் கடலோடிக்கு நினைவு ஒன்றே சொத்து. நினைவில் மட்டும் நிற்கும் உரிமையை மன்றத்தில் மெய்ப்பித்தல் அரிது. வலியவர் பக்கம் ஏடு பேசும்போது எளியவர் பக்கம் வாய் பேசாது போகுமாயின், நீதி ஒருபுறம் சாய்ந்துவிடும். எளியவரின் சான்றையும் தேடிப் பிடித்து எடுத்துவைக்கும் வழக்குரைஞரே தம் தொழிலுக்குப் பெருமை தருபவர். ஏழைகளுக்கு அரசே இலவசச் சட்ட உதவி அளிக்கவேண்டும் என்று பின்னர்ச் சட்டம் வகுக்கப்பட்டதும் இக்குறையை நீக்கும் பொருட்டே ஆகும்.

மேலும், வழக்கம் என்ற ஒன்றாலேயே எல்லாம் நிலைபெறுதல் இல்லை. 1950 இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, அடிப்படை உரிமைகளுக்கு மாறான வழக்கம் எதுவும் செல்லாது என்று கூறுகின்றது, தீண்டாமையை ஒழித்துள்ளது. பர்வதவர்த்தனி நாச்சியார் பெரும் இடர்ப்பட்டு நிலைநாட்டிய உரிமையும் இன்று எளிதாகியுள்ளது. 1956 ஆம் ஆண்டின் இந்து மகவேற்புச் சட்டத்தின்படி, கைம்பெண் ஒருவர் எவருடைய இசைவையும் நாடாது தாமே மகவேற்கலாம். நல்ல வழக்கம் சட்டமாக வளர்தலும், தீய வழக்கம் சட்டத்தால் களையப்படுதலும் நாகரிகத்தின் இரு படிகள்.

கீழக்கரைக் கடலில் அலை ஓயாது எழுந்து விழுகின்றது. அதனை நோக்கி அஞ்சாது மூழ்கியவரே அடிமணலைக் கண்டனர். பேரரசு ஒன்று எதிர்த்து நின்றபோதும் சேதுநாட்டின் வழக்கு வென்றது. அரவம் இன்றிச் சான்றுகளைத் தேடிச் சேர்த்த உழைப்பே அதற்குக் காரணம். உண்மையை உடையவர் ஊக்கமும் உடையராய், ஏட்டைக் காத்து, ஆய்ந்து, அளந்து பேசுவாராயின், நீதி அவர்க்கு எட்டாப் பொருள் அன்று.

பயிற்சி

1. கண்ணகி வழக்குரைத்த முறையிலிருந்து வழக்குரைஞர் கற்கத்தக்கது யாது?
2. தஞ்சை வழக்கிற்கும் இராமநாதபுரம் வழக்கிற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
3. வசிட்டர் விதிக்கு நான்கு பகுதியினரும் கொண்ட பொருளைத் தொகுத்து எழுதுக.
4. சங்கு வழக்கில் எழுந்த இரு வினாக்கள் யாவை? அவற்றிற்குக் கிடைத்த விடைகள் யாவை?
5. "வழக்கம் என்ற ஒன்றாலேயே எல்லாம் நிலைபெறுதல் இல்லை." இக்கூற்றை ஒரு பக்க அளவில் விரித்து எழுதுக.